முதலில் அவரிடமே போய்ச் சொல்வோம்

(கூட்டமைப்பின் வெள்ளி விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "நல்ல உறவுகள்". தலைவி அக்கா போன் போட்டு, "நீ கிறிஸ்தவப் பிள்ளைதானே, உறவைப் பத்தி உங்க வேதத்துல நல்ல நல்ல விசயமெல்லாம் இருக்குன்னு சொல்லுவியே, அதைப் பேசு. ஆனா ஆத்தா, பிரசங்கம் பண்ணிராத" என்று சொன்னார்கள். நான் பிரசங்கம் பண்ண வரவில்லை. யாரையும் எங்கள் கோயிலுக்குக் கூப்பிடவும் வரவில்லை. நம்ம கூட்டமைப்பில் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், ரம்ஜானுக்கு நோன்பு பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பாடத்தை, அதைச் சின்னப் பிள்ளையிலிருந்து படித்தும் நான் எப்படிக் கோட்டை விட்டேன் என்பதோடு சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நமக்கு ஜாமீன் எது?

முதலில் ஒரு விசயம். உறவைப் பற்றிப் பேசச் சொன்னால் வீட்டைப் பற்றி மட்டும்தான் பேசணும் என்று நினைக்கிறோம். ஆனால் நம்ம குழுவே உறவு மேலேதான் நிற்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ஆம் வருசம் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1992-இல் நபார்டு வங்கி, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனைத் திட்டம் போட்டது. அதற்கு முன்னாடி நாம் பேங்க் வாசல் மிதித்திருப்போமா? "பத்திரம் இருக்கா, நகை இருக்கா, சம்பளச் சீட்டு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். நம்மிடம் இது மூன்றும் கிடையாது. இருந்தது ஒன்றுதான். பன்னிரண்டு பேரோ இருபது பேரோ ஒருத்தரை ஒருத்தர் தெரிந்து, நம்பி, வாரா வாரம் உட்கார்ந்து எழுகிற உறவு. அந்த நம்பிக்கையை ஜாமீனாக வைத்துத்தான் பேங்க் நமக்குக் கடன் கொடுக்கிறது.

அப்போ அந்த உறவு அறுந்து போனால்? பஞ்ச சூத்திரம் நமக்கெல்லாம் மனப்பாடம்: ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, ஒழுங்கான உள்கடன், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுதல், ஒழுங்கான கணக்கு. அஞ்சையும் சரியாகச் செய்த குழு, ரெண்டு பேர் பேசாமல் போனதால் உடைந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானே ஒரு குழுவை அப்படி உடைக்கப் பார்த்தவள்.

என் மதினி கதை

2001-இல் எங்கள் ஊரில் குழு ஆரம்பித்தோம். பதினெட்டுப் பேர். எங்கள் பக்கம் எல்லாருக்கும் பூக் கட்டுகிற வேலை. விடியும் முன்னாடி மல்லிகை பறித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்விடும். உதிரிப் பூவை வீட்டுக்கு வாங்கி வந்து கட்டிக் கொடுத்தால் கூலி. என்னை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்ததால் என் அண்ணன் பொண்டாட்டி, என் மதினியும் அதே குழுவில் இருந்தார்கள். நான் பத்தாவது வரை படித்தவள் என்று என்னை ஊக்குநர் ஆக்கினார்கள். கணக்கில் நான் ரொம்பக் கண்டிப்பு. ஒரு ரூபாய் குறைந்தாலும் கூட்டம் முடியாது.

2010-இல் மதினி பதினைந்தாயிரம் உள்கடன் வாங்கினார்கள். ரெண்டு தவணை கட்டினார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதம், ரெண்டு மாதம், நாலு மாதம். மற்ற உறுப்பினர்கள் என்னிடம் வந்து, "உங்க மதினிங்கிறதால விட்டுட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. நான் யோக்கியம் என்று காட்ட வேண்டுமே!

அந்த வாரக் கூட்டம் சாவடியில் நடந்தது. மதினி தலையில் நாலு இணுக்குப் பூ வைத்து வந்து உட்கார்ந்தார்கள். நான் பாக்கிப் பட்டியலை வாசித்தேன். அவர்கள் பெயர் வந்ததும் நிறுத்தி, எல்லார் முன்னாடியும், "தலையில வைக்கப் பூவுக்குக் காசு இருக்கு, தவணை கட்டக் காசு இல்லையா?" என்று கேட்டேன். ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள்.

மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வந்து, பாஸ்புக்கை என் முன்னாடி வைத்தார்கள். தலையில் இருந்த பூவை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

பதினாலு மாதத்தில் அசலும் வட்டியும் பைசா பாக்கி இல்லாமல் வந்து சேர்ந்தது. மகன் கையில் கொடுத்து அனுப்புவார்கள், நேரில் வரமாட்டார்கள். கடன் முடிந்த அன்றைக்குக் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லிச் சொல்லிவிட்டார்கள். என் கணக்கு நோட்டில் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. ஆனால் அதற்கப்புறம் ஆறு வருசம் நாங்கள் பேசவில்லை.

மூணு தெரு தள்ளித்தான் வீடு. அண்ணன் மகள் பெரிய மனுஷி ஆனபோது எனக்குச் சொல்லிவிடவில்லை. அத்தைக்காரி தலைக்குத் தண்ணி ஊத்த வேண்டிய சடங்கு. அவர்கள் வீட்டுக் குழாய் ரேடியோவில் பாட்டுப் போடுவது என் வீட்டு அடுப்படியில் கேட்கிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டு பூக் கட்டிக்கொண்டிருந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சத்தம் கேட்டிருந்தால் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

நான் தலைகீழாகச் செய்தது

இப்போது எங்கள் வேதத்துக்கு வருகிறேன். மத்தேயு எழுதின சுவிசேஷத்தில் 18-ஆம் அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒருத்தர் தப்பு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு படிப்படியாகச் சொல்லித் தருகிறார். முதல் படி: நீ மட்டும் தனியாக அவரிடம் போய், அவர் செய்த தப்பைச் சொல். அவர் கேட்டுக்கொண்டால் அதோடு முடிந்தது. உன் உறவு உனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ரெண்டாவது படி: கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. மூணாவது படி: அதற்கும் கேட்கவில்லை என்றால்தான் சபையில் சொல்.

நம்ம ஊரில் நாம் எப்படிச் செய்கிறோம்? முதலில் குழாயடியில் சொல்லுவோம். அப்புறம் கூட்டத்தில் சொல்லுவோம். அப்புறம் ரெண்டு பேரிடம் தூது சொல்லிவிடுவோம். சம்பந்தப்பட்ட ஆளுக்கு மட்டும் கடைசியில்தான் தெரியும். மூணு படியையும் நாம் மேலேயிருந்து கீழே இறங்குகிறோம்.

நான் இந்தப் பகுதியை ஓய்வுநாள் பள்ளியில் பத்து வயசிலேயே படித்தவள். ஆனால் சாவடியில் உட்கார்ந்தபோது ஞாபகம் வரவில்லை. நான் கேட்டது நியாயமான கேள்விதான். குழுக் காசு, கட்டித்தான் ஆக வேண்டும். நியாயம் என் பக்கம் இருந்ததால் எப்படிக் கேட்டாலும் சரி என்று நினைத்துவிட்டேன்.

திரும்பிப் போன நாள்

2016-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயிலில் மாதத்துக்கு ஒரு தடவை திருவிருந்து கொடுப்பார்கள். அன்றைக்கு வாசித்த பகுதி இதுதான்: நீ காணிக்கை செலுத்த வரும்போது, உன் மேல் ஒருத்தருக்கு மனக்குறை இருக்கிறது என்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவரோடு ஒப்புரவாகு, அப்புறம் வந்து காணிக்கை செலுத்து. இது மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

கவனியுங்கள் தாய்மார்களே. உனக்கு யார் மேலாவது கோபம் இருந்தால் என்று அதில் சொல்லவில்லை. உன் மேல் யாருக்காவது குறை இருந்தால் என்று சொல்லியிருக்கிறது. காயம் பட்டவர் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. காயப்படுத்தினவர்தான் நடந்து போக வேண்டும்.

நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னாடி நாலாவது ஆளாக மதினி நிற்கிறார்கள். என்னால் மேலே போக முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். அஞ்சு நிமிசத் தூரம். அதைப் போக எனக்கு ஆறு வருசம் ஆகியிருக்கிறது.

மதினி திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "உக்காரு" என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே, "மதினி, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர்கள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்கள்: "அம்புட்டுப் பேரு முன்னாடி என் பூவைப் பேசுன. இன்னைக்கு யாரும் இல்லாத நேரம் பாத்து வந்து மன்னிப்புக் கேக்குற. இது எந்த ஊரு நியாயம்?"

எனக்குப் பதில் இல்லை. அப்புறம் அவர்களே சொன்னார்கள். அந்த வருசம் என் அண்ணன் ஒரு கூட்டாளிக்குக் கந்துவட்டிக்காரரிடம் ஜாமீன் போட்டிருக்கிறார். கூட்டாளி ஊரை விட்டு ஓடிவிட்டார். காலையில் வட்டிக்காரர் ஆள் வந்து வாசலில் நிற்பார். குழுவில் வாங்கின கடனும், கூலிக் காசும் அதற்கே போயிருக்கிறது. "உங்க அண்ணன்தான், எந்தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்னை மதிக்க மாட்டா, சொல்லிறாதன்னு கெஞ்சுனாரு. அவரு மானத்தைக் காப்பாத்தத்தான் வாயை மூடிட்டு இருந்தேன். அந்தப் பூ, கட்டி முடிச்சு நாருல மிச்சம் கிடந்த துண்டு. காசு குடுத்து வாங்குனது இல்ல."

அவர்கள் காப்பாற்றியது என் அண்ணன் மானத்தை. நான் வாங்கியது அவர்கள் மானத்தை. ஒரே ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் திண்ணையில் போய் உட்கார்ந்து, "மதினி, என்ன கஷ்டம்?" என்று தனியாகக் கேட்டிருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். முதல் படி எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தனியாகப் போவது சொல்வதற்கு மட்டும் இல்லை, கேட்பதற்கும்தான். யாக்கோபு எழுதின நிருபத்தில், காது முந்திக்கொள்ளட்டும், வாயும் கோபமும் பிந்தட்டும் என்கிற அர்த்தத்தில் ஒரு புத்தி சொல்லியிருக்கிறது. என் வாய் முந்திக்கொண்டது.

மதினி கேட்ட கேள்வி நியாயமானது. எங்கள் வேதத்தில் சகேயு என்று ஒரு வரி வசூல்காரர் கதை உண்டு. ஆள் குள்ளம். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறி உட்கார்ந்தவர். இயேசு அவர் வீட்டுக்கு வந்ததும் அவர் வெறும் வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை. அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் மன்னிப்புக் கேட்டதாக அர்த்தம். நான் பலர் முன்னாடி மானத்தை எடுத்தேன். அதைப் பலர் முன்னாடிதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில், அதே சாவடியில், எழுந்து நின்று சொன்னேன். அண்ணன் விசயத்தைச் சொல்லவில்லை, அது அவர்கள் சொத்து. "எங்க மதினிகிட்ட விசாரிக்காம, எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்துனேன். அவங்க கடனை ஒரு பைசா விடாம கட்டுனாங்க. தப்பு என்னுடையது." தீர்மான நோட்டிலும் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் ரெண்டு பேர் என்னோடு மதினி வீட்டுக்கு வந்தார்கள்.

மதினி திரும்பக் குழுவில் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். சேரவில்லை. "அது போதும் எனக்கு, சாவடிப் பக்கம் வரல" என்று சொல்லிவிட்டார்கள். சில விரிசல் பூசினாலும் கோடு தெரியும். ஆனால் ரெண்டு வருசம் கழித்து அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, பத்திரிகையும் வெத்தலை பாக்குத் தட்டும் எடுத்துக்கொண்டு மதினியே என் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணத்துக்குப் பூ முழுக்க நான்தான் கட்டினேன்.

மன்னிப்பதும் கடனைத் தள்ளுவதும்

இதைச் சொன்னவுடன் ஒரு சிலர் கேட்பீர்கள்: "அப்போ கடன் கட்டாதவங்களை எல்லாம் மன்னிச்சு விட்டுறணுமா?"

அதே 18-ஆம் அதிகாரத்தில் ஒரு கடன் கதை இருக்கிறது. ஒரு ராஜாவிடம் ஒரு வேலைக்காரனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன். அவனால் கட்ட முடியவில்லை, காலில் விழுகிறான். ராஜா முழுசையும் தள்ளுபடி செய்துவிடுகிறார். அவன் வெளியே போனதும், தனக்கு நூறு வெள்ளிக்காசு பாக்கி வைத்திருக்கிற இன்னொரு வேலைக்காரனைப் பார்த்து, கழுத்தைப் பிடித்து நெரித்து ஜெயிலில் போடுகிறான். ராஜாவுக்குத் தெரிந்து, அவனைக் கூப்பிட்டுத் தண்டிக்கிறார்.

நமக்குக் கணக்கு வரும்தானே, போட்டுப் பார்ப்போம். அந்த வெள்ளிக்காசு ஒன்று, ஒரு நாள் கூலி. அப்போ நூறு காசு என்பது நூறு நாள் கூலி. நம்ம நூறு நாள் வேலை மாதிரியே! சின்னத் தொகை இல்லை. ஒரு குடும்பத்துக்கு அது பெரிய காசு. ஆனால் ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி. பத்தாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள் கூட லீவு போடாமல் உழைத்தாலும் ஒன்றரை லட்சம் வருசத்துக்கு மேல் ஆகும். எந்த வேலைக்காரனாலும் வாங்கவும் முடியாது, கட்டவும் முடியாது. நம்மை எத்தனை பேர், எத்தனை தடவை, பொறுத்துப் போயிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார் என்பதற்காகத்தான் அம்புட்டுப் பெரிய எண்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராஜா தள்ளுபடி செய்தது அவருடைய சொந்தக் காசு. குழுக் காசு என் காசு இல்லை. பதினெட்டுப் பேருடைய சேமிப்பு. அதை நான் ஒருத்தி "மன்னிச்சிட்டேன்" என்று தள்ள முடியாது. மனக்கசப்பை நாம் தள்ளுபடி செய்யலாம், கடனைத் தவணை மாற்றித்தான் கொடுக்க முடியும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்பாகப் பேசுவதற்காகக் கணக்கை விடவும் வேண்டாம், கணக்குக்காக ஆளை விடவும் வேண்டாம். கூட்டத்துக்கு முந்தின நாளே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கஷ்டம் என்றால் கூட்டத்தில் அவர்களே வாய் திறந்து, "தவணையைக் குறைச்சுக் குடுங்க" என்று கேட்கும்படி தைரியம் கொடுங்கள். அதைத் தீர்மானமாக எழுதுங்கள். பணமும் வரும், ஆளும் இருப்பார்கள்.

அடி வாங்குவது மன்னிப்பு இல்லை

இன்னொரு விசயம். இதைச் சொல்லாமல் போனால் நான் பேசினது பூராவும் தப்பாகப் போய்விடும். மன்னிப்பு என்கிற வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களை அடி வாங்க வைத்திருக்கிறார்கள். "பொறுத்துப் போ, புருசன்தானே, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று. அடிக்கிறவரைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதுதான் கிறிஸ்தவப் பண்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்ன மூணு படியிலேயே பதில் இருக்கிறது. தப்பை மூடி வைக்கச் சொல்லவில்லை, தப்பைச் சொல்லத்தான் சொல்லியிருக்கிறது. தனியாகச் சொல்லிக் கேட்கவில்லை என்றால் ஆள் கூட்டிப் போ, அதற்கும் கேட்கவில்லை என்றால் ஊரறியச் சொல் என்றுதான் இருக்கிறது. தனியாகப் போனால் உயிருக்கு ஆபத்து என்றால் முதல் படியை விட்டுவிட்டு நேராக உதவி கேளுங்கள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. அடிப்பது மட்டும் இல்லை, கேவலமாகப் பேசுவது, செலவுக்குக் காசு கொடுக்காமல் வதைப்பது, நம் சம்பாத்தியத்தைப் பிடுங்குவது எல்லாமே அதில் வன்முறைதான். புருசன் வீட்டை விட்டு விரட்டினாலும், அங்கே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு அலுவலர் மூலமாகக் கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம். 181 என்கிற நம்பருக்கு எந்த நேரமும் போன் போடலாம். இந்த நம்பரைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு உறுப்பினர் முகத்தில் வீக்கத்தோடு கூட்டத்துக்கு வந்து, "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதீர்கள். அவருக்கு முதல் படி ஏறிப் போக வேண்டியது நாம்தான்.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது

கடைசியாக, நம்ம ஊர்ச் சரித்திரத்திலிருந்து ரெண்டு விசயம். எங்கள் சபைகளைப் பற்றிப் பெருமை மட்டும் பேசக் கூடாது. சபைக்குள்ளேயும் சாதி பார்த்தார்கள். 1834-இல் மதுரைக்கு அமெரிக்கன் மிஷன் வந்தது. கோயிலில் ஒன்றாகப் பாட்டுப் பாடினவர்கள், சாப்பிட மட்டும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1847-இல் மிஷன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: சாதி பார்க்க மாட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக் காட்டுங்கள் என்று. பல பேர், உபதேசிமார் உட்பட, அதற்கு வேலையையும் சபையையும் விடத் தயாராக இருந்தார்கள், ஆனால் சாப்பிடத் தயாராக இல்லை. இன்றைக்கும் எங்களுக்குள் அது முழுசாகப் போய்விட்டது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடச் சொன்ன வெள்ளைக்காரர்கள் மட்டும் எல்லாரையும் சமமாக நடத்தினார்களா? அதையும் ஒரு தமிழர்தான் கேட்டார். அசரியா ஐயா. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1910-இல் எடின்பரோ நகரத்தில் உலக மிஷனெரிகள் எல்லாரும் கூடின மாநாட்டில், முப்பத்தஞ்சு வயசுக்காரர், மேடையில் நின்று பேசினார். நீங்கள் எங்களுக்காகச் செய்த தியாகத்துக்கு எல்லாம் நன்றி, ஆனால் நாங்கள் உங்களிடம் கேட்பது அன்பு, எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்கிற உறவு போதாது, சமமாகக் கைகொடுக்கிற உறவு வேண்டும் என்றார். நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ரெண்டே வருசத்தில், 1912-இல், அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

அவரைப் போன்றவர்கள் 1919-இல் தரங்கம்பாடியில் கூடி, பிரிந்து கிடக்கிற சபைகளை ஒன்றாக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. 1947 செப்டம்பர் 27-இல்தான் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இருபத்தெட்டு வருசம்! அசரியா ஐயா 1945-லேயே இறந்துவிட்டார், அதைக் கண்ணால் பார்க்கவில்லை. உறவைச் சரி செய்கிற வேலை ஒரே நாளில் முடியாது, சில நேரம் நம் ஆயுசுக்குள்ளேயும் முடியாது. அதற்காக ஆரம்பிக்காமல் இருக்கக் கூடாது.

நம்ம கூட்டமைப்புக்கும் இது பொருந்தும். "சேமிப்பில் எல்லாரும் சமம்" என்கிறோம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யார் யார் எந்தப் பக்கம் உட்காருகிறோம்? எந்த உறுப்பினர் வீட்டில் கூட்டம் வைக்கத் தயங்குகிறோம்? யார் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்கிறோம், யார் வீட்டில் "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்கிறோம்? இதை நீங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போகிற வழியில் யோசியுங்கள்.

வீட்டுக்குப் போனதும்

பொழுது சாயும் முன்னாடி கோபத்தை முடித்துவிடு என்று பவுல் எபேசு ஊர்ச் சபைக்கு எழுதினார். எங்கள் குழுவில் இருக்கும் முஸ்லிம் அக்கா ஒருத்தர், மூணு நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்று நபிகள் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். திருக்குறளில் பொறையுடைமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. ஒரு நாளோ, மூணு நாளோ. நான் ஆறு வருசம் எடுத்துக்கொண்டேன். நீங்கள் அம்புட்டு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இந்நேரம் ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். நாத்தனாரோ, கொழுந்தியாளோ, கூடப் பிறந்தவளோ, பழைய குழு உறுப்பினரோ. அவரைப் பற்றி வேறு யாரிடமும் பேசாதீர்கள். தூது விடாதீர்கள். கூட்டத்தில் சொல்லாதீர்கள். முதலில் நீங்களே, தனியாக, அவர் வீட்டுத் திண்ணை வரைக்கும் நடந்து போங்கள். போய் முதலில் கேளுங்கள். அவர் "உக்காரு" என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நின்றுகொண்டே கேளுங்கள்.

என் பெயரை எங்கேயும் கெடுக்காமல் இத்தனை வருசம் பொறுத்துக்கொண்ட என் மதினிக்கு நன்றி. மதினி இன்றைக்கு வரவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லலாமா என்று கேட்டபோது, "சொல்லு. உங்க அண்ணன் பட்ட கடனையும் இப்ப சேத்தே சொல்லு, அவரே சொல்லச் சொல்லிட்டாரு. ஆனா பூ விசயத்தைச் சரியாச் சொல்லு, காசு குடுத்து வாங்குனது இல்லன்னு" என்றுதான் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டேன் மதினி.